சுங்கந் தவிர்த்த சோழன்: வணிக உரிமை பற்றிய ஓர் ஆய்வு

பண்டைத் தமிழ் வேந்தர்கள் பூண்ட சிறப்புப் பெயர்களுள் பெரும்பாலன போர்க்களத்தில் பிறந்தவை. மதுரை கொண்டான், கங்கை கொண்டான், கடாரங் கொண்டான் என்பன போன்ற பெயர்கள் யாவும் பிறர்பால் ஒன்றைக் கொண்ட செய்தியையே நமக்கு உரைக்கின்றன. கி. பி. 1070 முதல் 1120 வரை சோழ நாட்டை ஆண்ட முதற் குலோத்துங்கனுக்கு வழங்கிய ஒரு பெயர் மட்டும் இம்மரபினின்றும் விலகி நிற்கின்றது. அவன் கொண்டதைக் கூறாது, கொள்ளாது விட்டதைக் கூறும் பெயர் அது. சுங்கந் தவிர்த்த சோழன் என்பதே அப்பெயராகும்.

இது புலவர் புனைந்துரை அன்று. கல்வெட்டுக்களில் இப்பெயர் பயின்று வருகின்றது. சுங்கந்தவிர்த்த சோழநல்லூர் என ஊர்ப்பெயராகவும் இது நிலைபெற்றது. ஒட்டக்கூத்தர் தம் உலாவில், மனு முதலிய முன்னோர் காலத்தும் தவிராதிருந்த சுங்கத்தைத் தவிர்த்தவன் என்னும் கருத்துப்பட இவ்வேந்தனைப் பாராட்டுகின்றார். கருவூலத்திற்கு வரும் பொருளை வேண்டாவென விடுத்த செயலை, அக்கால மக்கள் ஒரு பெருவெற்றிக்கு நிகரான புகழாகக் கருதினர் என்பது இவற்றாற் பெறப்படும்.

இச்செயலை அரசனது அருட்பெருக்கின் விளைவு எனப் பாராட்டி அமைதலே பெருவழக்காக உள்ளது. நாம் ஈண்டு அதனை வேறொரு நோக்கில் ஆராயக் கருதுகின்றோம். வணிகத்தில் அரசு எந்த அளவிற்குத் தலையிடலாம் என்னும் வினா, பதினெட்டாம் நூற்றாண்டில் மேனாட்டுப் பொருளியல் அறிஞரால் முதன்முதல் எழுப்பப்பட்டது என்று எண்ணுவோர் உளர். தமிழகத்திலும் அதன் அண்டை நாட்டிலும் அவ்வினா பல நூற்றாண்டுகட்கு முன்னரே எழுந்து, நூலளவில் நில்லாது செயலிலும் விடை பெற்றது. அவ்விடை எத்தகையது, சுங்கந் தவிர்ந்தபோது அதன் சுமை எங்குச் சென்றது என்னும் இரண்டையும் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உல்கும் சுங்கமும்

சுங்கம் என்பது சுல்கம் என்னும் வடசொல்லின் திரிபு. சங்க நூல்களில் உல்கு என்னும் சொல்லே இப்பொருளில் வழங்கும். திருவள்ளுவர் அரசனுக்குரிய பொருள்வகைகளை எண்ணுமிடத்து உல்கினையும் ஒன்றாக எண்ணினார். எனவே சுங்கம் கொள்ளுதல் முறையன்று என நம் முன்னோர் கருதினாரல்லர் என்பது தெளிவு. அவர்தாமே, செங்கோல் ஏந்தியவன் குடிகளிடம் பொருள் வேண்டுதலை வேலேந்திய வழிப்பறியாளன் செயலோடு ஒப்பிட்டும் உரைத்தார். இவ்விரண்டும் முரண்பாடுடையன அல்ல. முறையான இறைக்கும் முறையற்ற பறிப்பிற்கும் இடையே எல்லை உண்டு என்பதே அவர் கருத்தாதல் வேண்டும்.

அவ்வெல்லை யாது என்பதனைப் பத்துப்பாட்டு நமக்குக் குறிப்பாக உணர்த்துகின்றது. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்து குவிந்த பண்டங்கட்கு அரசனது புலிப்பொறி இட்டு உல்கு கொண்டமையைக் கூறும். பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் கூட்டம் சென்ற பெருவழியைக் காட்டும். அவ்வழி உல்கு கொள்ளும் வழி. வில்லேந்திய வீரர் காத்து நின்ற வழி. உல்கும் காவலும் ஓரிடத்தே வைத்துக் கூறப்பட்டமை நோக்கத்தக்கது. வணிகன் கொடுத்த பொருளுக்கு ஈடாகக் கள்வர் அச்சமற்ற வழி அவனுக்குக் கிடைத்தது. காவலின் விலையே உல்கு எனலாம்.

இதே காலத்து மேற்கு நாடுகளின் நிலையை ஒப்பிட்டுக் காண்டல் பயன்தரும். சேர நாட்டு முசிறியினின்று எகிப்து சென்ற கலம் ஒன்றின் சரக்கு மதிப்பைக் கூறும் பாப்பிரசு ஏடு ஒன்று வியன்னா நகரில் காக்கப்பட்டு வருகின்றது. அது கி. பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. கீழ்நாட்டுப் பண்டங்களின்மீது உரோமப் பேரரசு நாலில் ஒரு பங்கினைச் சுங்கமாகக் கொண்டது என்பதற்கு அது சான்றாகின்றது. மிளகை விளைத்தவனும் கடலைக் கடந்தவனும் பெறாத பெரும்பங்கு, துறையில் அமர்ந்திருந்த அரசுக்குச் சென்றது என்று கூறின் அது மிகையாகாது.

குலோத்துங்கன் காலச் சூழல்

குலோத்துங்கன் கீழைச் சாளுக்கிய வேந்தன் இராசராச நரேந்திரனுக்கும், முதல் இராசேந்திரனின் மகள் அம்மங்கைக்கும் பிறந்தவன். சோழர் குலத்து ஆண்வழி அற்ற குழப்பமான நாளில் அவன் அரியணை ஏறினான். அவன் ஆட்சியின் தொடக்கத்திலேயே ஈழம் சோழர் கையினின்றும் நழுவியது. முதலாம் விசயபாகு அங்குத் தன்னாட்சி நிறுவினான். வாளால் கடலை ஆளும் காலம் முடிவுற்றது. வணிகத்தால் கடலை ஆளும் காலம் தொடங்கியது.

இக்கருத்துக்குச் சான்றுகள் பல உள. கி. பி. 1077 இல் சோழ நாட்டினின்று 72 பேர் அடங்கிய தூதுக்குழு ஒன்று சீன நாட்டுச் சுங் அரசவைக்குச் சென்றமையைச் சீனர் குறிப்புக்கள் கூறுகின்றன. கி. பி. 1088 இல் சுமத்திராத் தீவின் மேலைக்கரையில் பாரூசு என்னும் துறையை அடுத்த லோபு துவா என்னுமிடத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் தமிழ்க் கல்வெட்டு ஒன்றனைப் பொறித்தனர். கி. பி. 1090 இல் சீவிசய நாட்டுத் தூதுவர் வேண்ட, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகட்கு உரிய ஊர்களின்மீதிருந்த வரிகளைக் குலோத்துங்கன் நீக்கிக் கொடுத்தான். இதனைச் சிறிய இலெய்டன் செப்பேடு விளக்குகின்றது. விசாகப்பட்டினம் குலோத்துங்க சோழப்பட்டினம் என்னும் பெயரும் பெற்று விளங்கிற்று.

இச்சான்றுகள் அனைத்தையும் ஒருங்குவைத்து நோக்குவார்க்கு, சுங்கந் தவிர்த்தமை அருட்செயல் மட்டுமன்று, ஆய்ந்து மேற்கொண்ட ஆட்சிமுறையும் ஆகும் என்பது புலனாகும். வேறு துறைகளைவிடத் தன் துறை வணிகருக்கு இனிதாயின், கலங்கள் தன் துறையையே நாடும். கலங்கள் வரின் நெசவும் உழவும் கைத்தொழிலும் பெருகும். பெருகிய செல்வத்தினின்று அரசுக்குரியது பின்னர்த் தானே வந்தடையும். மடுவிலுள்ள மீனைப் பிடிப்பதினும் மடுவிற்கு நீர் வரும் வாய்க்காலைத் திறந்து விடுதல் நன்றென உணர்ந்த அறிவு இது.

ஆயினும் இப்புகழை அளவிறந்து கொள்ளுதல் ஆகாது. தவிர்க்கப்பட்டது துறைமுகச் சுங்கமோ, உள்நாட்டு வழிச்சுங்கமோ, இரண்டுமோ என்பதனைக் கல்வெட்டுக்கள் விரித்துரைக்கவில்லை. பின்வந்த காலத்துக் கல்வெட்டுக்களில் சுங்கம் மீண்டும் பேசப்படுகின்றது. ஓர் அரசன் தவிர்த்ததனை மற்றோர் அரசன் விதித்தற்குத் தடை யாதும் இல்லை. அருளின் பேரில் நின்ற உரிமைக்கு உள்ள குறைபாடு இதுவே.

மற்றொன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. குலோத்துங்கன் தன் பதினாறாம் ஆட்சியாண்டாகிய கி. பி. 1086 இல் நிலங்களை அளப்பித்தான். அதே ஆண்டில் இங்கிலாந்தில் முதல் வில்லியம் நில அளவைப் பதிவேடு தொகுப்பித்தமையை வரலாற்றறிஞர் வியந்து குறிப்பர். நாம் வியப்போடு நில்லாது ஒரு வினாவும் எழுப்பலாம். வழியிலும் துறையிலும் வாங்காது விட்ட பொருளை, வயலில் வாங்குதற்கு இவ்வளவை துணைபுரிந்ததா? அளவையின் நோக்கம் நிலவரியைச் செம்மைப்படுத்துதல் என்பதில் ஐயமில்லை. சுங்கத்தோடு அதனைப் பிணைக்கும் நேர்ச்சான்று இன்மையின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, ஒரு கருத்தாகவே கூறுகின்றோம். வணிகனுக்குக் கிடைத்த விடுதலையை உழவன் தோளில் ஏற்றிய சுமையாக மாற்றுதல் எவ்வரசுக்கும் எளிது என்பதனை மட்டும் நாம் மறத்தல் கூடாது.

வணிகர் தாமே விதித்த இறை

அரசு சுங்கம் கொள்ளாவிடின் வணிகர் எவ்வித இறையும் இன்றி வாழ்ந்தனர் என எண்ணுதல் தவறாகும். மேற்கூறிய லோபு துவாக் கல்வெட்டு இதற்குச் சான்று. அங்கு வரும் கலத்தார் கத்தூரியின் விலையை ஒட்டிக் குறித்த பொன்னைச் செலுத்திய பின்னரே உட்புகுதல் வேண்டும் என்று ஐந்நூற்றுவர் வரையறுத்தனர். சோழன் தவிர்த்த சுங்கத்தைக் கடலுக்கு அப்பால் வணிகர் குழுவே விதித்தது என்பது வியப்பன்றோ!

பாண்டி நாட்டுப் பிரான்மலையில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு இதனை மேலும் விளக்குகின்றது. வணிகர் பலர் கூடி, உப்பு, நெல், பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், இரும்பு, பருத்தி முதலிய பண்டங்களின் பொதிக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டுக் கோயிலுக்குக் கொடுக்க இசைந்தனர். பட்டணப் பகுடி என்று அது வழங்கிற்று. பிற்காலத்தில் மகமை என்னும் பெயரால் தமிழ் வணிகரிடையே நிலவிய வழக்கமும் இத்தகையதே. கொடுப்போரே கூடி இசைந்து விதித்துக் கொண்டமையின் அது சுமையாகத் தோன்றவில்லை. எதற்குச் செல்கின்றது என்பது அவர் கண்முன்னே விளங்கியது.

இவ்விரு கல்வெட்டுக்களும் வணிக உரிமை பற்றிப் பேசுவோர்க்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றன. அங்காடி ஒழுங்கின்றி இயங்குவதில்லை. அரசு விலகிய இடத்தில் வணிகர் குழு ஒழுங்கினை நிறுவும். அக்குழு தன் உறுப்பினர்க்கு நன்மை செய்யலாம். புதியவனை வாயிலில் தடுத்தும் நிறுத்தலாம். அரசனது ஆட்சியினின்று பெற்ற விடுதலை, குழுவினது ஆட்சிக்கு அடிமையாதலில் முடிதலும் உண்டு. அரசுத் தலையீட்டைக் குறை கூறுவோர் இதனையும் உடன் எண்ணுதல் கடன்.

மோட்டுப்பள்ளி அபய சாசனம்

குலோத்துங்கனுக்கு ஒன்றரை நூற்றாண்டு பிற்பட்டு, காகதீய வேந்தன் கணபதிதேவன் ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் துறையில் ஓர் ஆணையைக் கல்லில் பொறித்தான். கி. பி. 1244 ஐ ஒட்டிய அவ்வாணை அபய சாசனம் எனப் பெயர் பெற்றது. புயலால் மோதுண்டு கரையில் ஒதுங்கிய கலங்களின் பொன், யானை, குதிரை, மணி முதலிய அனைத்தையும் முன்னிருந்த அரசர்கள் வலிந்து கவர்ந்தனர் என்று அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கின்றது. உயிரினும் பொருளைப் பெரிதெனக் கருதிக் கடல் கடந்து வரும் வணிகர்பால் இரக்கம் கொண்டு, வரையறுத்த சுங்கம் ஒன்றொழிய வேறெதனையும் கொள்ளோம் என்று உறுதி கூறுகின்றது. அச்சுங்கம் முப்பதில் ஒரு பங்கு என்றும் அது குறிக்கின்றது.

குலோத்துங்கன் செயலினும் கணபதிதேவன் செயல் ஒருவகையில் சிறந்தது என்பது எம் கருத்து. குலோத்துங்கன் சுங்கத்தை விடுத்தான். ஆயின் விடுத்ததன் அளவும் எல்லையும் எழுத்தில் நில்லாவாயின. கணபதிதேவன் சுங்கத்தை முற்றும் விட்டானல்லன். அதன் அளவைக் கல்லில் நிறுத்தினான். வணிகன் அஞ்சுவது வரியை அன்று, வரையறையின்மையையே. முப்பதில் ஒன்று எனத் தெரிந்தால் அதனைக் கணக்கில் வைத்துக் கலத்தைச் செலுத்துவான். எப்போது எவன் எவ்வளவு கேட்பான் என்று அறியாத துறைக்கு, இறை முழுதும் நீக்கப்பெற்றது என்று பறை அறைந்தாலும் அவன் துணிந்து வாரான். அந்நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இத்துறையைப் பற்றிப் புகழ்ந்து எழுதியமை, ஆணை வெற்று எழுத்தாக நின்றிலது என்பதற்குத் துணைச் சான்றாகும்.

குத்தகையின் கேடு

விசயநகரப் பேரரசின் காலத்தில் இந்நிலை மாறியது. தலைநகரின் வாயிற் சுங்கம் ஆண்டுக்கு 12,000 பர்தாவோ பொன்னுக்குக் குத்தகைக்கு விடப்பட்டது என்றும், உள்நாட்டாராயினும் அயல்நாட்டாராயினும் குத்தகையாளர் கேட்டதைக் கொடாது எவரும் உட்புகல் இயலாது என்றும் நூனிசு என்னும் போர்ச்சுகீசியர் எழுதி வைத்துள்ளார்.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் உல்கோடு இதனை ஒப்பிடுக. அங்கு உல்கு கொண்டவனே வழியைக் காத்தான். இங்குக் காப்பவன் ஒருவன், கொள்பவன் வேறொருவன். குத்தகையாளனுக்கு வழியின் நலனில் அக்கறை இல்லை. குத்தகைக் காலம் முடிவதற்குள் இட்ட முதலைப் பன்மடங்காக எடுத்தலே அவன் குறிக்கோள். காவலின் விலையாகத் தோன்றிய இறை, காவலினின்றும் பிரிந்து தனித்து நின்றபோது வள்ளுவர் கூறிய வழிப்பறியாக மாறியது.

1844 ஆம் ஆண்டுச் சட்டம்

ஆங்கிலக் கும்பினியார் இந்நாட்டில் ஆட்சி பெற்றபோது உள்நாட்டு வழிச்சுங்கமும் அவர்கள் கைக்கு வந்தது. சாயர் என்று அவர்தம் ஆவணங்கள் அதனைக் குறிக்கும். ஆதம் சுமித்து என்னும் அறிஞர் 1776 இல் வெளியிட்ட நாடுகளின் செல்வம் என்னும் நூலில், உள்நாட்டில் பண்டங்கள் தடையின்றிச் செல்லும் உரிமையே இங்கிலாந்தின் வளத்திற்குத் தலைமையான காரணங்களுள் ஒன்று என்று கூறியிருந்தார். அந்நூலைப் போற்றிய நாட்டினரே இங்கு ஊர்தோறும் சாவடி வைத்துச் சுங்கம் கொண்டனர். சார்லசு திரெவெலியன் 1834 இல் வங்க மாநிலத்து உள்நாட்டுச் சுங்கம் பற்றி எழுதிய அறிக்கை இம்முரண்பாட்டை வெளிப்படுத்தியது. சிற்றூழியர் வழிப்போக்கரைச் சோதனை என்னும் பெயரால் துன்புறுத்தியமையும், அரசுக்கு வந்த பொருளினும் மக்கள் இழந்த பொருள் மிக்கது என்பதும் அதனால் அறியப்பட்டன. வங்கத்தில் 1836 இல் வழிச்சுங்கம் நீங்கியது. சென்னை மாநிலத்தில் 1844 ஆம் ஆண்டு ஆறாம் சட்டத்தால் அது நீக்கப்பட்டது.

எனவே தமிழகத்தில் சுங்கம் இரண்டாம் முறையும் தவிர்க்கப்பட்டது எனலாம். ஆயின் இம்முறை சுமை எங்குச் சென்றது என்பதற்கு ஐயத்திற்கிடமின்றி விடை உண்டு. இழந்த வருவாயை ஈடு செய்தற்பொருட்டுக் கும்பினியார் உப்பின் விலையை உயர்த்தினர். சென்னை மாநிலத்தில் உப்பு வாணிகம் 1805 முதல் அரசின் தனியுரிமையாக இருந்தது. அவ்வுப்பின் விலை மணங்கு ஒன்றுக்கு ஒன்றரை ரூபாயாக ஏற்றப்பட்டு, பின்னர் ஒரு ரூபாயாகக் குறைக்கப்பட்டது. துணியும் பஞ்சும் சாவடியைக் கடந்து தடையின்றிச் சென்றன. கூழுண்பான் இடும் உப்போ விலை ஏறிற்று. வணிகத்திற்கு ஒரு கதவைத் திறந்த கை, உப்பளத்தின் கதவை இறுகப் பூட்டிக்கொண்டது.

இதனால் வழிச்சுங்கம் நீங்கியது தீதெனக் கூறுவோமல்லேம். அது நீங்கியது நன்றே. சாவடியிற் பட்ட துன்பம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு பொதி சுமந்து சந்தைக்குச் சென்ற ஏழைக்கே அது பெரிது. நாம் கூறுவது இதுவே: உரிமை என்பது எல்லாப் பண்டத்திற்கும் எல்லா மக்களுக்கும் உரியதாதல் வேண்டும். ஒரு பண்டத்திற்கு உரிமையும் மற்றொன்றிற்கு அரசின் தனியுரிமையும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்களாக அமையின், அதனை வணிக உரிமை என்று போற்றுதல் பொருந்தாது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. அரசு கொள்ளும் இறை, அது செய்யும் பணியோடு பிணைந்திருக்குமளவும் முறையானது. பணியினின்று பிரிந்து தானே ஒரு தொழிலாகும்போது கேடாகின்றது என்பது ஒன்று. ஆதம் சுமித்தும், வழிக்கு இடும் சுங்கம் அவ்வழியின் செப்பத்திற்கே பயன்படல் வேண்டும் என்றும், வண்டியின் சுமைக்கு ஏற்ப அமைதல் வேண்டும் என்றும் கருதினார். உல்குடைய பெருவழியை வில்லேந்தியோர் காத்த பழந்தமிழ் நெறி இக்கருத்துக்கு அயலானதன்று.

வணிகத்திற்கு உயிர்நிலையாவது இறையின்மை அன்று. வரையறை என்பது இரண்டாவது. மோட்டுப்பள்ளிக் கல் இதற்குச் சான்று. தவிர்த்த சுங்கம் மறைந்தொழிவதில்லை, அது வேறோர் உருவில் வேறொருவர்பால் செல்லவும் கூடும் என்பது மூன்றாவது. 1844 ஆம் ஆண்டின் உப்பு இதற்குச் சான்று.

1950 இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, தன் 301 ஆம் பிரிவால் நாடெங்கும் வணிகமும் போக்குவரவும் கட்டற்றன என்று கூறிற்று. எனினும் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் பல்லாண்டு நின்றன. 2017 ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் அவை மாநிலங்கள் பெரும்பாலனவற்றில் அகற்றப்பட்டன. வண்டி எல்லையில் நிற்பது ஒழிந்தது; வரி ஒழியவில்லை, அது வேறு வடிவம் பெற்றது. அவ்வடிவம் சிறுவணிகனுக்கும் நுகர்வோனுக்கும் முன்னையதினும் எளிதா அரிதா என்பதனை ஆராய்தல் பொருளியலார் கடன்.

சுங்கம் என்னும் சொல்லோ இன்றும் நம் பெருவழிகளில் சுங்கச்சாவடி என நின்று நிலவுகின்றது. அங்குப் பொருள் செலுத்திச் செல்லும் ஒவ்வொருவரும், இதற்கு ஈடாக எமக்கு அளிக்கப்படுவது யாது, இதன் அளவை எல்லை கட்டியவர் யார் என்று வினவும் உரிமை உடையர். ஒன்பது நூற்றாண்டுகட்கு முன்னர் ஒரு வேந்தன் கொண்டதற்காக அன்றி விட்டதற்காகப் புகழப்பெற்றான். அப்புகழை நாம் போற்றுவோம். விட்டதன் சுமை யார் தோளில் ஏறியது என்னும் வினாவையும் அதனோடு உடன்வைத்துப் போற்றுதலே வரலாறு கற்பார்க்கு அழகு.